சுனைக்கும் முகாமுக்கும் நடுவே ஒரு கயிறு

நாலாம் நாள் காலையில் உருளைக்கிழங்குத் தோலும் தீர்ந்துபோனது.

அதுவரை ஆளுக்கு ஒரு கை என்று அதைத்தான் பங்கிட்டு மென்றுகொண்டிருந்தார்கள். தக்காளி டின்களில் இருந்த சாறு இரண்டாம் நாளே முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் காடி பாட்டில் காலி. அதற்குப் பிறகு லெப்டினன்டின் மைக்கூட்டை யாரோ நக்கியிருந்தார்கள். யார் என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. நீல உதட்டோடு ஒருவன் மணல் மூட்டை ஓரமாகக் கிடந்தான். மூத்திரத்தில் சர்க்கரை போட்டால் குடித்துவிடலாம் என்று சமையல்காரச் சிப்பாய் சொன்னான். சர்க்கரை நிறைய இருந்தது. மூத்திரம்தான் யாருக்கும் வரவில்லை.

1921 ஜூலை. ரிஃப் மலையில் அந்த மாதம் கல் கூடக் காய்ந்து வெடிக்கும். கடல் தாண்டி வந்த ஸ்பானியர்கள் எந்த மலையைப் பிடித்தாலும் உச்சியில்தான் முகாம் போடுவார்கள். உச்சியில் இருந்தால் எல்லாம் தெரியும் என்பார்கள். தெரியத்தான் செய்தது. கீழே, அத்திமரங்களுக்கு நடுவில், சுனை அவ்வளவு நன்றாகத் தெரிந்தது. முன்பெல்லாம் கோவேறு கழுதைகள் அங்கே போய்ப் பீப்பாயில் தண்ணீர் கொண்டுவரும். இப்போது ஆறு கழுதைகளும் சரிவில் செத்து ஊதிக் கிடந்தன. சுனையைச் சுற்றிப் பாறைக்கு ஒருவராக மலைக்காரர்கள் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீருக்கு இறங்கிய ஏழு சிப்பாய்களில் ஒருவனும் திரும்பவில்லை.

மேலே மிச்சமிருந்தவர்கள் இருபத்துநாலு ஸ்பானியர்கள். அவர்களோடு ஒரே ஒரு மலைக்காரன், புஸியான்.

அவன் ஸ்பானியர்களின் போலீஸ் படையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அவனோடு இருந்த மற்ற ஏழு மலைக்காரப் போலீஸ்காரர்களும் முற்றுகை தொடங்கிய அன்றே சுவரேறிக் குதித்து ஓடிவிட்டார்கள். போகும்போது ஒருவன் இவன் தோளைத் தொட்டு, "நீ வராதே புஸியான். எங்களை விட்டுடுவாங்க. உன்னை விடமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

உண்மைதான். கீழே இருந்தது புஸியானின் சொந்த ஊர். சுனைக்குப் பக்கத்தில் கரும்பாறைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் அவனுடைய பங்காளி, சித்தப்பா மகன் கதூர். மூன்று வருஷத்துக்கு முன்னால், எல்லையில் நின்ற ஒரு அத்திமரத்துக்காக நடந்த சண்டையில், கதூரின் தம்பி அல்லாலைப் புஸியான் சுட்டுவிட்டான். ஒரே தோட்டா. அல்லால் மரத்திலிருந்து கூடையோடு விழுந்தான்.

அதிலிருந்து இரண்டு வருஷம் புஸியான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சுவரில் துப்பாக்கி நீட்ட ஓட்டை போட்டுக்கொண்டு உள்ளேயே கிடந்தான். அவனுக்குச் சோறும் தண்ணீரும் அக்கா மாமத் புண்ணியத்தில்தான் கிடைத்தது. அந்த மலையில் பழி எவ்வளவு முற்றினாலும் பெண்களைச் சுடமாட்டார்கள். ஆண்கள் பொந்துக்குள் எலி மாதிரி அடைந்துகிடக்க, பெண்கள் சந்தைக்குப் போவார்கள், சுனைக்குப் போவார்கள், எதிரி வீட்டு வாசல் வழியாகவே குடத்தோடு நடப்பார்கள். யாரும் ஒரு கல் கூட எறியமாட்டார்கள். மாமத்தும் கதூரின் அம்மா ரஹ்மாவும் ஒரே சுனையில் மூன்று வருஷமாகக் குடம் நிரப்புகிறார்கள். ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஒருவர் நிரப்பி முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பார்.

"இப்படியே செத்துப்போகப் போறியா?" என்று மாமத் அப்போது கேட்டாள். "கையைப் பின்னால கட்டிக்கிட்டு, வாயில கத்தியைக் கடிச்சுக்கிட்டு, சித்தி வாசல்ல போய் நில்லு. அவளுக்கு மனசிருந்தா கயித்தை அறுப்பா. இல்லேன்னா கழுத்தை அறுப்பா. எதுவா இருந்தாலும் ஒரு முடிவு வரும்."

"கட்டிப்போட்ட கெடா மாதிரி அவ முன்னால நிக்கணுமாக்கும்" என்றான் புஸியான். ஒரு மழைநாளில் வீட்டை விட்டு ஓடிப்போய் ஸ்பானியர்களிடம் சேர்ந்தான். இந்த இடம் தெரிந்தவன் என்று அவர்கள் அவனைத் திரும்ப இங்கேயே கொண்டுவந்து, இந்த உச்சியில் அடைத்துவிட்டார்கள். மணல் மூட்டை இடுக்கு வழியாகப் பார்த்தால் அவன் வீட்டுக் கூரை தெரியும். துப்பாக்கி ஓட்டை கூடத் தெரியும்.

அன்று காலையும் பெண்கள் சுனைக்கு வந்தார்கள். இருபத்துநாலு பேரும் இடுக்குகளில் கண்ணை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். தண்ணீர் குடத்துக்குள் விழும் சத்தம் அவ்வளவு தூரம் கேட்காது. ஆனாலும் கேட்பது போலத் தலையைச் சாய்த்துக்கொண்டார்கள்.

சார்ஜென்ட் தொரிபியோ பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளைப் போர்வையை எடுத்தான். பெண்கள் தலையோடு போர்த்துவது. மே மாதம் ஏதோ ஒரு வீட்டைச் சோதனை போட்டபோது எடுத்து வைத்துக்கொண்டது.

"டேய் மலைக்காரா, இங்க வா. இதைப் போட்டுக்கோ. குடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டு, கொஞ்சம் குலுக்கி நடந்து போய்த் தண்ணி கொண்டா. பொம்பளையைத்தான் உங்காளுங்க சுடமாட்டாங்களே."

யாரோ சிரிக்க முயன்றார்கள். இருமல்தான் வந்தது.

புஸியான் போர்வையைத் தொடவில்லை. "முடியாது."

"ஏன், தாடி தெரியுமேன்னு பயமா? செரைச்சு விடறேன். மணப்பொண்ணு மாதிரி ஆக்கிடறேன்."

"அதில்ல. ஒரு தடவை ஒரு ஆம்பளை பொம்பளை வேஷத்துல அந்தச் சுனைக்குப் போயிட்டான்னு தெரிஞ்சா, அப்புறம் போர்வை போட்டு யார் வந்தாலும் சந்தேகம்தான். முதல்ல சுட்டுட்டு அப்புறம் முகத்தைப் பார்ப்பாங்க. அங்க தெனமும் வர்றது என் அக்கா. இந்த மலை பூரா உள்ள பொம்பளைங்க எல்லாரும்."

"எனக்கென்ன வந்தது?" என்றான் தொரிபியோ. "என் ஆளுங்க சாகறாங்க." அவன் துப்பாக்கியைத் தூக்கிப் புஸியானின் நெஞ்சில் வைத்தான். முந்தின நாள் இதே ஆள்தான் சுனையைப் பார்த்து ஒரு குண்டு விட்டான். அது மாமத்தின் குடத்தை உடைத்தது. தண்ணீர் அவள் முழங்கால் வழியாக ஓடியதைப் புஸியான் மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான். லெப்டினன்ட் அரிஸ்குன் அதற்காகத் தொரிபியோவைத் திட்டினார். திட்டும்போது அவர் குரலே எழும்பவில்லை.

இப்போதும் லெப்டினன்ட்தான் குறுக்கே வந்தார். சின்ன வயசு. உதடு வெடித்து ரத்தம் உறைந்திருந்தது. "துப்பாக்கியை இறக்கு, தொரிபியோ. புஸியான், வேற வழி ஏதாவது இருக்கா?"

புஸியான் இடுக்கு வழியாகச் சுனையைப் பார்த்தான். போகாவிட்டால் இங்கே குண்டு. போனால் கீழே குண்டு. வேஷத்தில் போனால் தான் பிழைக்கலாம், அக்கா பிழைக்கமாட்டாள்.

"ஆம்பளையாவே போறேன் துரை. துப்பாக்கி வேணாம்."

"போயி அப்படியே அவங்களோட சேர்ந்துக்குவான்" என்றான் தொரிபியோ. "கயித்தைக் கட்டி அனுப்புங்க. இழுத்தா வரணும். வரலேன்னா இங்கேருந்தே சுடறேன்."

செத்த கழுதைகளின் சுமைக்கயிறுகள் கிடந்தன. அவற்றை முடிச்சுப் போட்டு, போதாததற்கு டெலிபோன் கம்பியையும் சேர்த்து, ஒரு முனையைப் புஸியானின் இடுப்பில் கட்டினார்கள். தொரிபியோ முடிச்சை முதுகுப்பக்கம் வைத்து, முழங்காலை ஊன்றி இறுக்கினான். அந்த இறுக்கம் வயிற்றில் ஏறியபோதுதான் மாமத் சொன்னது புஸியானுக்கு ஞாபகம் வந்தது. மூன்று வருஷமாக எந்தக் கயிற்றுக்கு வெட்கப்பட்டு ஓடினானோ, அதை வேறு யாரோ கட்டிவிட்டார்கள்.

"கையையும் கட்டுங்க" என்றான். "பின்னால."

தொரிபியோ லெப்டினன்டைப் பார்த்தான். "வெயில் மண்டைக்கு ஏறிடுச்சு. கையைக் கட்டிக்கிட்டு எப்படிடா தண்ணி மொள்ளுவே? வாயாலயா?"

"அங்க என் அக்கா இருக்கா. அவ நிரப்புவா. கை கட்டியிருந்தா ஒருவேளை சுடமாட்டாங்க. ஒரு கத்தியும் வேணும். வாயில வெச்சுக்க."

"கத்தியா? ஒனக்கா?" என்றான் தொரிபியோ.

கத்தி கொடுக்கவில்லை. புஸியான் தரையைப் பார்த்தான். எங்கே பார்த்தாலும் தக்காளி டின் மூடிகள். அதில் ஒன்றை எடுத்து ஓரத்தைக் கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்தான். பரவாயில்லை. அவனுடைய ஆட்டுத்தோல் பையைத் தோளில் மாட்டிவிட்டார்கள். லெப்டினன்ட் அவன் முகத்தருகே குனிந்தார். "தண்ணி வருமா?"

"வரும் துரை."

பிறகு மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு கைகளைப் பின்னால் நீட்டினான். அவர்கள் கட்டியதும் மணல் மூட்டையைத் தாண்டிச் சரிவில் கால் வைத்தான்.

சுனைக்கு முந்நூற்று இருபது தப்படி. போலீஸ்காரனாகக் கழுதைகளோடு எத்தனையோ தடவை எண்ணியிருக்கிறான். கை பின்னால் இருந்ததால் சரிவில் உடம்பு முன்னால் சாய்ந்துகொண்டே வந்தது. கயிறு பின்னால் முள்செடிகளில் உரசி வந்தது. முதல் கழுதையைத் தாண்டும்போது ஈக்கள் எழுந்து முகத்தில் அப்பின. விரட்டக் கை இல்லை. மூடியின் ஓரம் உதட்டோரத்தை அறுத்தது. ரத்தம் நாக்கில் பட்டதும், வெட்கக்கேடு, ஈரமாக இருக்கிறதே என்று அதை விழுங்கினான்.

கீழே பெண்கள் அசையாமல் நின்றார்கள். பாறைகளின் மேல் துப்பாக்கிக் குழல்கள் எழுந்தன. ஒன்றும் வெடிக்கவில்லை. நூறாவது தப்படியில் வெடிக்கும் என்று நினைத்தான். இருநூறில் நிச்சயம் என்று நினைத்தான். முந்நூறு தாண்டியபோது கரும்பாறைக்குப் பின்னாலிருந்து கதூர் எழுந்து வந்து குழலை அவன் காதுக்குக் கீழே வைத்தான்.

"என்ன பங்காளி, கழுத்துல மணி கட்டலியா? சந்தைக்கு ஓட்டிட்டு வர்ற மாதிரியில்ல இருக்கு. என்ன விலை சொன்னாங்க?"

வாயில் தகரத்தோடு என்ன பதில் சொல்ல. புஸியான் நடந்துகொண்டே இருந்தான். கதூரும் குழலை எடுக்காமல் கூடவே நடந்தான்.

சுனையோரத்துக் கல்லில் ரஹ்மா சித்தி உட்கார்ந்திருந்தாள். மகன் செத்ததிலிருந்து முடிக்கு மருதாணி வைப்பதில்லை. பாதி வெள்ளை, பாதி சிவப்பு. அவள் காலடியில் புஸியான் மண்டியிட்டான். மாமத் பக்கத்தில் நின்றாள். இது அவள் பேசும் இடமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

ரஹ்மா அவன் வாயிலிருந்து மூடியை உருவினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

"தக்காளி வாசம் அடிக்குது. என் பிள்ளைக்கு ஒரு கத்தி கூடவா கெடைக்கல ஒனக்கு?"

"குடுக்கமாட்டேன்னுட்டாங்க சித்தி."

"மூணு வருஷமா வரத் தோணல. இப்ப தாகம் எடுத்ததும் வந்திருக்க."

"ஆமா சித்தி."

இல்லை என்று சொல்வான் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ, அந்த 'ஆமா'வைக் கேட்டதும் அவன் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். பிறகு மூடியை அவன் கழுத்தில் வைத்தாள். குளிர்ச்சியாக இல்லை, அவன் வாய்ச்சூடு அதில் இருந்தது. அவள் கை அழுந்தியது. ஒரு கோடு மாதிரி எரிச்சல் இழுத்தது.

"அல்லாலும் நீயும் ஒரே மரத்துல ஏறினவங்க" என்றாள். "இவன் ஒருத்தன்தான் எனக்கு மிச்சம். இவனும் மூணு வருஷமா துப்பாக்கியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தூங்கறான். கல்யாணம் பண்ணிக்கடான்னா, மொதல்ல புஸியான், அப்புறம்தான் கல்யாணம்கறான். நான் எத்தனை நாளைக்குப் பொந்துக்குச் சோறு போடறது?"

"அம்மா" என்றான் கதூர்.

"நீ சும்மா இரு."

அவள் எழுந்து அவனுக்குப் பின்னால் போனாள். மூடி கைக்கயிற்றில் உரசும் சத்தம் கேட்டது. கழுதைச் சுமைக்கயிறு, லேசில் அறுபடுமா? ஒவ்வொரு இழையாக ராவினாள். இடையில் மூடி மடங்கியது, நிமிர்த்திக்கொண்டாள். சுற்றி நின்ற எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து தொரிபியோ கயிற்றை இழுத்தான்.

புஸியான் மல்லாக்க விழுந்தான். ஒரு முழம், இரண்டு முழம், சரிவில் முதுகு தேய்ந்துகொண்டே போனது. "யார்றா அது இழுக்கறது?" என்று ரஹ்மா கத்தினாள். "நான்தான் அறுத்துக்கிட்டு இருக்கேன்ல. கதூர், புடிடா அந்தக் கயித்தை."

கதூர் விழித்தான். மூன்று வருஷமாக யாரைக் கொல்லக் காத்திருந்தானோ அவன் இடுப்புக் கயிற்றைத் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்தான். காலைப் பாறையில் ஊன்றி, "சனியனே, கனமா இருக்கியேடா" என்று புஸியானைத் திட்டிக்கொண்டே பிடித்தான். கடைசி இழை அறுந்தது. கைகள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விழுந்தன. மாமத் ஓடிவந்து இடுப்பு முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள்.

புஸியான் தண்ணீரில் முகத்தைப் போட்டான். யாரோ தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, "மெதுவா, செத்துடுவே" என்றார்கள். கதூர்தான்.

கொஞ்சம் மூச்சு வந்ததும் புஸியான் தோல்பையை எடுத்து நிரப்பினான். "சொல்லிட்டு வந்திருக்கேன். ஒரு பை."

"எடுத்துட்டுப் போறியா?" என்றான் கதூர்.

மேலே போனால் திரும்ப முடியாது. அது எல்லோருக்கும் தெரியும். புஸியான் பையின் வாயைக் கட்டி, கயிற்று முனையில் இறுக முடிந்து, மூன்று தடவை சுண்டினான். தோல்பையை முதுகில்தான் சுமக்க வேண்டும், தரையில் இழுக்கக் கூடாது. அது அந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். மாமத் அவனையே பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

பை மேலே போனது. முள்செடியைத் தாண்டியது. தட்டைப் பாறையைத் தாண்டியது. இரண்டாவது கழுதைக்குப் பக்கத்தில், உடைந்த பீப்பாயின் இரும்புப் பட்டை நீட்டிக்கொண்டிருந்த இடத்தில், ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதற்குப் பிறகு அது லேசாகவும் வேகமாகவும் போனது. பின்னால் கல்லில் ஒரு கறுத்த கோடு. வெயிலில் அது கீழேயிருந்து மேலாகக் காய்ந்துகொண்டே போனது. மேலே வெறும் தோலை எடுத்தவர்கள் ஒரு சத்தமும் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று புஸியானுக்கு இருந்தது.

சாயங்காலம் ஆகுமுன் கதூர் அவனைத் தட்டி, "அங்க பாரு" என்றான்.

மணல் மூட்டையைத் தாண்டி ஒரு ஆள் இறங்கி வந்தான். இடுப்பில் கயிறு. கை பின்னால் கட்டியிருந்தது. வாயில் ஏதோ வெயிலில் மின்னியது.

அவர்கள் மேலிருந்து தூரக்கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு டின் மூடியைக் கடித்துக்கொண்டு போனால் இந்த மலைக்காரர்கள் தண்ணீர் கொடுப்பார்கள் என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

"பைத்தியக்காரனுங்க" என்று கதூர் துப்பாக்கியைத் தூக்கினான். "இவன் யாரு வீட்டுப் பழிக்கு வர்றான்? இவனுக்கு இங்க எந்த அம்மா இருக்கா?"

புஸியான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். நடையிலேயே தெரிந்துவிட்டது. தொரிபியோ. காலையில் அவ்வளவு பேசிய வாயில் தகர மூடி.

சொல்லாமல் இருந்துவிடலாம். கதூர் சுட்டுவிடுவான், அதோடு முடிந்தது. நெஞ்சில் வைத்த துப்பாக்கி, பெட்டியிலிருந்து எடுத்த போர்வை, எல்லாம் புஸியானுக்கு ஞாபகம் இருந்தது. சரிவில் காய்ந்துபோன கோடும் ஞாபகம் இருந்தது.

"அக்கா" என்றான். "நேத்து உன் குடத்தை உடைச்சது இந்த ஆள்தான். இவன் பழி உன்னோடது."

மாமத் புதுக்குடத்தைக் கீழே வைத்தாள். போர்வையைச் சரிசெய்துகொண்டு, கதூரின் குழலைக் கையால் ஒதுக்கிவிட்டு, பாதையில் போய் நின்றாள். தொரிபியோ தள்ளாடி வந்து அவள் காலடியிலேயே விழுந்தான். தாகத்தில் விழுந்தானா, பார்த்த மாதிரியே செய்தானா, தெரியாது. அவள் அவன் வாயிலிருந்து மூடியை எடுத்தாள்.

"ஒரு குடத்துக்குக் கழுத்தை அறுக்க முடியுமா?" என்று ரஹ்மாவைப் பார்த்துக் கேட்டாள். மூன்று வருஷத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"முடியாது" என்றாள் ரஹ்மா. "கையை அறுத்து விடு. ஆனா இவன் நம்ம பிள்ளை இல்ல. அடைச்சு வை."

கயிறு மேலே போனது. அடுத்தவன் வந்தான். நீல உதட்டுக்காரன். அவனுக்குப் பின்னால் சமையல்காரன். எல்லோர் வாயிலும் ஒரு மூடி. "எனக்கு ஒடைஞ்சது ஒரு குடம்தானே" என்று மாமத் ஒவ்வொருவனுக்கும் சொன்னாள். சொல்லிக்கொண்டே அறுத்தாள். ஒன்பது பேர் வந்தார்கள். பத்தாவது ஆள் பாதிச் சரிவில் இருந்தபோது மலையின் மறுபக்கத்திலிருந்து சுட ஆரம்பித்தார்கள். அது வேறு குலத்தார் பக்கம், அவர்களுக்கு இந்தக் கயிறும் குடமும் ஒன்றும் தெரியாது. முகாமில் புகை எழுந்தது. லெப்டினன்ட் வரவில்லை. ஒவ்வொருவர் கையாகக் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தது அவராகத்தான் இருக்கும் என்று புஸியான் நினைத்தான். அவர் கையைக் கட்ட ஆள் இருந்ததா என்று தெரியவில்லை.

ஒன்பது பேரையும் அடைக்கக் கெட்டியான சுவரும் ஒற்றைக் கதவும் உள்ள வீடு ஊரில் ஒன்றுதான் இருந்தது. புஸியானின் வீடு. உள்ளே போனதும் தொரிபியோ நேராகத் துப்பாக்கி ஓட்டைக்குப் போய்க் கண்ணை வைத்து வெளியே பார்த்தான். இரண்டு வருஷம் புஸியான் நின்ற அதே இடம். கொஞ்ச நேரத்தில் அந்த ஓட்டை வழியாகக் குரல் வந்தது. "புஸியான். தண்ணி."

புஸியான் எழுந்தான். மாமத் அவனை உட்காரச் சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்தாள்.

"முன்னே ஒருத்தனுக்குச் சுமந்தேன்" என்றாள். "இப்ப ஒம்பது பேருக்கு."

சுனைப் பாதையில் ரஹ்மா தன் குடத்தோடு அவளுக்காக நின்றுகொண்டிருந்தாள்.